துருவ நட்சத்திரம் தாழ்ந்து நின்ற படம்

மெட்டுகுடா,
செகந்திராபாத்.
24-1-2010

அன்புள்ள மாப்பிள்ளை கணேஷ்குமார் அவர்களுக்கு,

மாமனார் சாரங்கபாணி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். ரோகிணியும் குழந்தையும் சௌக்கியம். சௌக்கியமில்லாதது இந்த ஊர் வானமும், அதைப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பியிருக்கும் கூட்டமும்தான்.

தபாலில் போட்டால் நியூ ஜெர்சி வந்து சேர இருபது நாள் ஆகும். கம்ப்யூட்டரில் தமிழ் தட்டுவதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் கையால் எழுதி, ரோகிணியிடம் கொடுத்து ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவசரம் இருக்கிறது. விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் வானியல் சங்கம் பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, ஹப்சிகுடாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இரவு வானப் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறது. இந்தத் தெலங்கானா பந்த் நடுவில் தார்நாகாவைத் தாண்டி யார் வருவார்கள் என்பது வேறு கேள்வி. படங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சனத்நகர் இன்ஜினியரிங் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து, மைக்ரோமீட்டரும் கையுமாக ஆயிரக்கணக்கான உருப்படிகளைத் தள்ளியவன் என்பதால் இந்த மரியாதை. வந்திருக்கும் எழுபத்தெட்டுப் படங்களையும் பார்த்து முடித்தேன். ஊசிப்போன சாம்பாரை முகர்ந்த மாதிரி இருக்கிறது.

ஒருவர் வானத்துக்குக் கத்தரிக்காய் நிறம் அடித்திருக்கிறார். கேட்டால் கம்ப்யூட்டரில் கொஞ்சம் எடுப்பாக்கினாராம். இன்னொருவர் ஹுசேன் சாகர் புத்தர் தலைக்குப் பின்னால் அண்டா அளவுக்கு ஒரு நிலாவை ஒட்டியிருக்கிறார். நிலாவுக்கு வெளிச்சம் வலது பக்கம், புத்தருக்கு இடது பக்கம். இதையெல்லாம் மிஞ்சியவர் வேணுகோபால். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஹப்சிகுடாவில் சொந்த வீடு, என்னிடம் இல்லாத லென்ஸ் எல்லாம் அவரிடம் இருக்கிறது. அவர் கொடுத்த படத்தில் கோல்கொண்டா கோட்டைக்கு மேலே பால்வீதி, அதன் நடுவில் விருச்சிகம் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே டிசம்பர் ஐந்தாம் தேதி இரவு பத்து மணி என்று எழுதியிருக்கிறார். கார்த்திகை மாதம் சூரியனே விருச்சிகத்தில்தான் இருக்கிறான் என்று பஞ்சாங்கம் புரட்டும் எவருக்கும் தெரியும். சூரியனோடு சேர்ந்து சாயங்காலமே அஸ்தமித்த விருச்சிகம், ராத்திரி பத்து மணிக்குக் கோட்டை மேல் எப்படி ஏறியது? எங்கோ, எப்போதோ, யாரோ எடுத்த வானம். இவர் கோட்டையை மட்டும் கீழே வைத்துத் தைத்திருக்கிறார்.

எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஹவ் சார், ஆமா, படம் அழகா இருக்குல்ல, அப்புறம் ஊரும் தேதியும் கைக்கு, எதுக்கு என்று இந்த ஊர் உருது கலந்த தமிழில் கேட்டுச் சிரித்தார். பொய் விலாசம் போட்ட படத்தை மாட்டுவதைவிட அந்த ஆணியைச் சும்மா விடலாம் என்றேன். கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

படம் எதனால் எடுபடுகிறது என்று இவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. நிறத்தாலோ, நிலாவின் சைசாலோ இல்லை. நட்சத்திரம் புள்ளியாக இருக்க வேண்டும், முட்டையாக நீளக் கூடாது. வானம் சுழலும் தடத்தைக் கோடாக இழுத்தால் அந்தக் கோடு நடுவில் அறுபடக் கூடாது. இருட்டை இருட்டாக விட்டுவிட வேண்டும், அதை வெளுக்கப் பார்க்கக் கூடாது. தரையில் ஏதாவது ஒன்று, ஒரு பாறையோ ஒற்றை மரமோ, இது எந்த ஊர் வானம் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் படத்தின் அடியில் எழுதும் இரண்டு வரி. எந்த ஊர், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. அந்த இரண்டு வரி உண்மையாக இருந்தால், சுமாரான படம்கூட ஒரு மனிதன் அந்த இடத்தில் பனியில் நின்றான் என்பதற்குச் சாட்சி. அது பொய்யானால் எத்தனை அழகாக இருந்தாலும் காலண்டர் படம்தான்.

இங்கே நின்று எடுக்கவும் வழியில்லை. மாதாப்பூர் பக்கம் உங்கள் சாஃப்ட்வேர் ஆட்கள் கண்ணாடிக் கட்டடங்களில் விடிய விடிய விளக்கு எரிப்பதால், மேற்கு வானம் முழுக்க மஞ்சள் காமாலை. நானும் இர்பானும் அவன் காரில் அறுபது கிலோமீட்டர் போய் ஒரு பாறைக்காட்டில் வடக்கு வானத்தை எடுத்து வந்தோம். இர்பானை உங்களுக்கு நினைவிருக்கும். மேலப்பாளையத்துக்காரன், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை, குழந்தையின் பெயர் சூட்டலுக்குக் கேமராவோடு வந்திருந்தான்.

இப்போது விஷயம். நீங்கள் எனக்கு வாங்கி வந்த அதே கேமரா, அதே லென்ஸ் உங்களிடமும் இருக்கிறது. எனக்கு அங்கிருந்து ஒரு படம் வேண்டும். கேமராவை நெட்டுவாக்கில் ஸ்டாண்டில் பூட்டி, நேர் வடக்கே திருப்பி வையுங்கள். லென்ஸ் பதினெட்டில் இருக்கட்டும். அடிவானம் படத்தின் கீழ் விளிம்பை ஒட்டி, நீர்மட்டம் பார்த்த மாதிரி இருக்க வேண்டும். முப்பது முப்பது விநாடியாக இருநூற்று நாற்பது படம், இடைவெளி இல்லாமல். இரண்டு மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் அனுப்பினால் இர்பான் ஒன்றாகச் சேர்த்துவிடுவான். அமாவாசை பிப்ரவரி பதினாலாம் தேதி, அதையொட்டி எடுங்கள். எதற்கு என்று இப்போது சொல்ல மாட்டேன். நீங்கள் எடுக்கும் படமும் நான் எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்படும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

வீட்டு விஷயம். குழந்தை குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். பிரசவத்துக்காக ஜூலையில் வந்த ரோகிணி, எப்போது திரும்பலாம் என்று காலண்டரைப் பார்த்தபடி இருக்கிறாள். குளிர் போகட்டும், ப்ராஜக்ட் முடியட்டும் என்று நீங்கள் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். மார்ச்சா ஏப்ரலா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அன்னம்மாளின் மகன் அமெரிக்காவிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்துவிட்டான். வேலை போய்விட்டதாம். அன்னம்மாள் லீவில் வந்திருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்கிறாள். கம்பெனி தள்ளிவிட்ட சரக்கு குடோனுக்குத் திரும்பியிருக்கிறது என்றேன். உங்கள் அத்தை என் வாயை அடைத்தாள். ஆம்பிளை என்றால் எங்கள் மாப்பிள்ளை மாதிரி போன இடத்தில் காலை ஊன்றி நிற்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

ஆசிகளுடன்,
சாரங்கபாணி


மெட்டுகுடா,
செகந்திராபாத்.
22-2-2010

மாப்பிள்ளை கணேஷ்குமார் அவர்களுக்கு,

சாரங்கபாணி எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை.

போன கடிதத்தை அவசரத்துக்காக மின்னஞ்சலில் அனுப்பினேன். இதையும் அப்படியே அனுப்புவதற்குக் காரணம் வேறு. உறையின் மேல் எந்த ஊரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இதை ரோகிணியிடம் கொடுக்கவும் முடியாது. தார்நாகாவில் ஒரு நெட் சென்டரில் நானே ஸ்கேன் செய்யப் போகிறேன். கடைக்காரர் கரீம்நகர் ஆள், தமிழ் படிக்கத் தெரியாது. அந்த அளவுக்கு நல்லது.

வியாழக்கிழமை உங்கள் படங்கள் வந்தன. இருநூற்று நாற்பதையும் இர்பான் சேர்த்துக் கொடுத்தான். முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் ஓரவஞ்சனை செய்ய மாட்டேன். அப்பழுக்கில்லாத படம். ஒரு கோடுகூட அறுபடவில்லை. லென்ஸில் பனி படியவில்லை. நட்சத்திரங்களின் சொந்த நிறம், சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் அப்படியே இருக்கிறது. இருட்டு இருட்டாக இருக்கிறது. கீழே ஒரு கிணற்று மேடு, அதன் பக்கத்தில் இலையில்லாத ஒரு மரம், அதுவும் நேர் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக. அடிவானம் நீர்மட்டம் வைத்ததுபோல் இருக்கிறது. நான் சொன்னதில் ஒன்றைக்கூட நீங்கள் விடவில்லை. எழுபத்தெட்டுப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தவன் இதைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றேன்.

பிறகு துருவ நட்சத்திரத்தைத் தேடினேன்.

எதற்கு இந்தப் படம் என்று நான் சொல்லவில்லையே, இப்போது சொல்கிறேன். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி பத்துப் பாகை. நம் ஊரில் ஒன்றே முக்கால் முஷ்டி. நியூ ஜெர்சியில் நாலு முஷ்டி. நட்சத்திரம் ஒன்றுதான், நிற்கும் ஊர் மாறினால் உயரம் மாறும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அங்கே எடுத்த படத்தில் அது பாதி உயரத்தைத் தாண்டி நிற்க வேண்டும். உங்கள் படத்தில் கால் பங்கு உயரத்தைக்கூட எட்டவில்லை. நான் எடுத்த படத்தைவிடவும் தாழ்வாக நிற்கிறது.

நான் அளந்தது தப்பாக இருக்குமோ என்று மூன்று தடவை அளந்தேன். ஸ்கேல் வைத்து அளந்தேன், கணக்குப் போட்டு அளந்தேன். பதின்மூன்று பாகை. முப்பத்தொரு வருஷம் நான் அளந்ததில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இது மட்டும் தப்பாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நான் படத்தைக் கொண்டுபோகாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் இர்பான் ஏற்கெனவே இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் போட்டுவிட்டான். அவனும் கவனிக்கவில்லை, படத்தின் அழகில் மயங்கிவிட்டான். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வானம் தெரிந்த ஆட்கள், அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேணுகோபால்தான் வாயைத் திறந்தார். கியா சார், அமெரிக்கா எப்போ நம்ம ஊருக்குத் தெக்கே வந்துச்சு, எனக்கு யாரும் சொல்லவே இல்லையே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்கு முன் அவரை நான் உரித்துத் தொங்கவிட்டதற்கு அவருக்கு அந்தச் சிரிப்பு தகும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பொய் சொன்னேன். ஐயையோ, ஃபைல் மாறிவிட்டது, இது மாப்பிள்ளை எடுத்தது இல்லை, நான் போன வருஷம் திருப்பதி போனபோது கீழ்த்திருப்பதிக்கு வெளியே ஒரு தோட்டத்தில் எடுத்தது என்றேன். திருப்பதி வாயில் வந்ததற்குக் காரணம், அந்தப் பதின்மூன்றுக்கு அது பொருந்தும். பொய்யைக்கூட அளவெடுத்துச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள். வேணுகோபால் திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சார், சண்டை நக்கோ, வேணாம், உங்க படத்திலேயே இதான் பெஸ்ட், இதை முன்னாடி மாட்டணும் என்றார். மனதாரச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஹால் வாசலில் முதல் படமாக அது மாட்டப்படும். அடியில் என் பெயரும் திருப்பதியும் இருக்கும். நீங்கள் பனியில் நின்று எடுத்த படத்துக்கு என் பெயர். ஊரும் பொய், தேதியும் பொய், ஆளும் பொய். எங்கோ, எப்போதோ, யாரோ எடுத்த வானம் என்று வேணுகோபாலைத் திட்டியவன் நான். வீட்டுக்கு வந்து கை கால் அலம்பினேன், போகவில்லை. அப்படி ஒரு அருவருப்பு.

கூட்டம் முடிந்து இர்பான் என்னை ஸ்கூட்டர் வரை கொண்டுவிட வந்தான். அவனை ஏமாற்ற முடியாது, அந்த ஃபைல்களைத் திறந்தவனே அவன்தான். சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன் சார் என்று ஆரம்பித்தான். உங்கள் கம்பெனியில் உங்கள் டீம் முழுவதையும் அக்டோபரிலேயே கலைத்துவிட்டார்களாம். உங்களோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது இர்பான் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாராம். நவம்பரில் நீங்கள் இந்தியா திரும்பிவிட்டீர்கள் என்றும், எங்கே இருக்கிறீர்கள் என்று தனக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னாராம். பெயர் சூட்டலுக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் வேலை போயிருக்கிறது. ப்ராஜக்ட் டெலிவரி இருக்கிறது, வர முடியவில்லை என்று நீங்கள் சொன்னது அந்த வாரம்தான்.

மாப்பிள்ளை, வேலை போனதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. போன வருஷம் யாருக்குத்தான் போகவில்லை. ஆனால் மற்றதை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தினமும் காலை ஆறரைக்குக் கம்ப்யூட்டரில் வருகிறீர்கள். பின்னால் எப்போதும் அந்த நீலப் போர்வை கட்டியிருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருகிறீர்கள். இந்த மாதத்தில் நம் தெற்குப் பக்கத்து ஊர்களில் ஸ்வெட்டரா? வேர்த்து ஊற்றவில்லையா? வெளியே முழங்கால் அளவு பனி மாமா என்று போன வாரம் என்னிடமே சொன்னீர்கள். வானிலைச் செய்தியைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொல்வீர்களோ? ரோகிணி குழந்தையைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டி, அப்பா பாரு, அப்பா தூரத்துல இருக்காங்க என்கிறாள். ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்துகொண்டு, பெற்ற பெண்ணை ஒரு தடவைகூடக் கையில் வாங்காமல், அதைக் கேட்டுச் சிரிக்க எப்படி முடிந்தது? எனக்கு முதலில் வேறு மாதிரிச் சந்தேகம்கூட வந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. இர்பான் சொன்ன பிறகுதான் அது போயிற்று.

உங்களை இத்தனையும் கேட்கிறேன், ஆனால் நேற்று ராத்திரி ரோகிணியின் கம்ப்யூட்டரில் என் போன கடிதத்தைத் திறந்து படித்தேன். வேறு எதையும் தேடவில்லை, படம் எடுக்கும் விதத்தை நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று பார்க்கத்தான் திறந்தேன். கடைசிப் பத்தி வரை வந்தேன். அன்னம்மாளின் மகனைப் பற்றி நான் எழுதியிருந்தது. தள்ளிவிட்ட சரக்கு. குடோன். காலை ஊன்றி நிற்கும் ஆம்பிளை. அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் அந்தக் கிணற்று மேட்டில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறீர்கள்.

இது முதல் தடவையும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் மேடையில் நின்று, எனக்கு அமெரிக்க மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பத்து வரன்களைத் தள்ளினேன் என்று மைக்கில் சொன்னவன் நான். நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் யார் யாருக்கு வேலை போனது, எவன் எவன் திரும்பி வந்து மாமியார் வீட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு பட்டியல் படிப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். நவம்பருக்குப் பிறகும் சிரித்தீர்கள். நான் ஒருநாளும் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவனிடம் போய் எனக்கு வேலை போய்விட்டது என்று எவன் சொல்வான்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் போர்வை கட்டியிருப்பேன். உங்களை நினைத்து வந்த அருவருப்பில் பாதிக்கு மேல் எனக்குச் சேர வேண்டியது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் அந்தப் படத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரி மாதிரி ஆகிவிடும்.

அன்னம்மாளின் மகன் வாரத்துக்கு இரண்டு நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். மற்ற நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறான். இன்று காலை பால் வாங்கப் போனபோது எதிரில் வந்தான். என்னைப் பார்த்ததும் ரோட்டின் அந்தப் பக்கம் மாறிப் போனான். நான் சொன்னது அவன் காதுக்கும் போயிருக்கிறது.

இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். ரோகிணிக்கு உங்கள் தள்ளிப்போடல் பொறுக்கவில்லை. உங்களுக்குச் சொல்லாமல் வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுக்கப் போகிறாள். மார்ச் பத்தாம் தேதி குழந்தையோடு வந்து கதவைத் தட்டி உங்களை அதிர வைக்க வேண்டுமாம். என்னிடம் மட்டும் சொல்லி, அப்பா, நீங்க வாயே திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். குழந்தைக்கு ரோமத் தொப்பி, கையுறை எல்லாம் வாங்கிவிட்டாள். உங்களுக்குப் பிடிக்கும் என்று உங்கள் அத்தையிடம் பருப்புப் பொடி அரைக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த ஊரில் யார் வீட்டுக் கதவை அவள் தட்டுவாள், மாப்பிள்ளை? நான்கு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டு நிற்பாளா? அவளுக்கு விசா இருப்பதே உங்கள் வேலையை நம்பித்தானே?

நானே சொல்லி டிக்கெட்டைத் தடுக்க முடியும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் நான் சொன்னால் அவள் தன் புருஷன் ஏமாற்றினான் என்பதை அப்பா வாயிலிருந்து கேட்டவளாக ஆவாள். அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை வருஷம் எத்தனை உண்மை சொன்னாலும் அவள் காதில் முதலில் விழுந்தது என் குரலாக இருக்கும். அதை நான் விரும்பவில்லை. நீங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள். அழுவாள். கத்துவாள். பாத்திரம் ஏதாவது பறக்கும், அவள் அம்மாவின் ரத்தம். என் பெண் கோபத்தைத் தாங்குவாள், ஏமாந்ததைத் தாங்க மாட்டாள். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவள் ஏமாந்த கணக்குதான் ஏறும். உங்கள் அத்தைக்கும் இதுவரை எதுவும் தெரியாது.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் இந்த வீட்டில் எத்தனை மாதம் இருந்தாலும் ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. வந்தால் உங்கள் அத்தை முன்னாலேயே என்னைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நான் வேணுகோபால் பக்கத்தில் நின்று, இது என் படம் இல்லை, என் மாப்பிள்ளை எடுத்தது, ஃபைல் மாறியது என்று நான் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எனக்குச் சேர வேண்டியதுதான். அந்தச் சமயம் நீங்களும் பக்கத்தில் இருந்தால், அது எந்த ஊர்க் கிணறு என்று நீங்களே சொல்லலாம்.

எனக்கு அது தெரியவில்லை. சென்னைக்கும் பதின்மூன்று பாகைதான், பெங்களூருக்கும் பதின்மூன்று பாகைதான். உங்கள் பழைய நண்பர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். படத்தை வைத்து அதற்கு மேல் எதுவும் கண்டுபிடிக்க என்னால் ஆகவில்லை. போனில் கேட்டால் நீங்கள் மறுபடியும் நியூ ஜெர்சி என்றுதான் சொல்வீர்கள், உங்களை இன்னொரு தடவை பொய் சொல்ல வைக்க எனக்கு மனமில்லை. அதனால் புதன்கிழமையிலிருந்து விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காச்சிகுடாவுக்குப் போய், பெங்களூர் வண்டி வந்து கடைசி ஆள் இறங்கும் வரை நிற்பேன். அது முடிந்து செகந்திராபாத் வந்து மெட்ராஸ் வண்டிக்கு நிற்பேன். வெள்ளிக்கிழமை காலை வரை மூன்று நாள். உங்கள் அத்தையிடம் டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லியிருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். வண்டியிலிருந்து இறங்கினால் போதும். பெட்டியை நான் வாங்கிக்கொள்கிறேன், வீடு வரும் வரை நான் எதுவும் கேட்க மாட்டேன். குழந்தை காலை ஏழு மணிக்குள் எழுந்துவிடுவாள். புது ஆளைப் பார்த்தால் முதலில் அழுவாள், பிறகு மூக்கைப் பிடித்து இழுப்பாள். நீங்கள் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் மாமா,
சாரங்கபாணி